உப்பு லைசென்ஸும் மென்பொருள் லைசென்ஸும்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குச் செல்லும் பாதை உப்பளங்களுக்குப் பேர்போனது. அதற்கு அண்மையில் சிறுசேரியில் இன்று மென்பொருள் கம்பெனிகளின் மாளிகைகள் எழும்பி நிற்கின்றன. உப்புக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். "லைசென்ஸ்" என்ற சொல்லே சம்பந்தம் என்போம்.

அந்நிய சர்க்காரின் லைசென்ஸ் இன்றி உப்புக் காய்ச்சுவது குற்றமாக இருந்தது. 1930-ல் ராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்துக்கு நடந்து சென்ற தொண்டர்கள் அச்சட்டத்தை மீறிச் சிறை புகுந்தனர். அந்த லைசென்ஸ் ஜனங்களின் கையைக் கட்டியது. திறந்த மூல மென்பொருளின் லைசென்ஸோ கட்டை அவிழ்ப்பது. மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும், எத்தொழிலுக்கும் பயன்படுத்தவும் அது எவருக்கும் உரிமை தருகிறது.

ஆனால் "திறந்தது" என்று சீட்டு ஒட்டிய பண்டமெல்லாம் திறந்ததாகிவிடுமா? ஆதலால் பரீட்சை அவசியமாகிறது. 1998-ல் அமெரிக்காவில் ஸ்தாபிதமான ஓப்பன் ஸோர்ஸ் இனிஷியேட்டிவ் என்னும் சங்கம் இதற்குப் பத்து நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. புதிய லைசென்ஸ் ஒவ்வொன்றும் பகிரங்கமாக விவாதிக்கப்படுகிறது. பின்னர் நிர்வாக சபை அதை அங்கீகரிக்கிறது அல்லது மறுக்கிறது. சங்கத்தினிடம் போலீஸும் இல்லை, சிறைச்சாலையும் இல்லை. பொதுஜன நம்பிக்கை ஒன்றே அதன் பலம்.

அப்பலம் அற்பமன்று. 2018-ல் மாங்கோடிபி கம்பெனி தன் தரவுத்தளத்துக்குப் புதிய லைசென்ஸ் இயற்றி அங்கீகாரம் கோரிற்று. அத்தரவுத்தளத்தைக் கொண்டு பிறருக்குச் சேவை நடத்துவோர், சேவைக்கு உதவும் தம் இதர நிரல்கள் யாவற்றையும் வெளியிட வேண்டும் என்பது அதன் ஷரத்து. பெருங்கம்பெனிகள் பிறர் உழைப்பில் கொழுக்கின்றன என்ற குறை நியாயமானதே. ஆயினும் ஒரு தொழில் செய்வோரை மட்டும் பிரித்துச் சுமை ஏற்றுவது தகாது என்று ஆட்சேபம் எழுந்தது. 2019-ல் கம்பெனி விண்ணப்பத்தை வாபஸ் பெற்றது. 2021-ல் எலாஸ்டிக் கம்பெனி அதே லைசென்ஸைக் கைக்கொண்டபோது, அது திறந்த மூல லைசென்ஸ் அன்று என்று சங்கம் அறிவித்தது. 2024-ல் எலாஸ்டிக், அங்கீகாரம் பெற்ற லைசென்ஸ் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது.

அந்நிய சங்கத்தின் முத்திரை நமக்கு எதற்கு என்று சில தேசபக்தர்கள் கேட்கக்கூடும். நிபந்தனைகள் யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. விவாதத்தில் எவரும் கலந்துகொள்ளலாம். நம் எஞ்சினீயர்கள் அங்கே வாய்திறந்து பேசுவதே சுதேசியம்.

இந்திய சர்க்கார், தன் இலாகாக்கள் திறந்த மூல மென்பொருளுக்கு முதன்மை தர வேண்டுமென்று 2015-ல் கொள்கை வகுத்தது. நன்று. ஆனால் டெண்டரில் அச்சொல் மட்டும் போதாது. அங்கீகாரம் பெற்ற லைசென்ஸின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். இன்றேல், ஒரு கம்பெனி ஷரத்தை மாற்றும் நாளில், ஜனங்களின் நிலப்பதிவும் ரேஷன் கணக்கும் அதன் வாசலில் கைகட்டி நிற்க நேரும்.

உப்பின் சுவையை நாவில் வைத்துப் பார்த்தே அறியலாம். மென்பொருள் வாங்கும் சர்க்கார் லைசென்ஸைப் படித்துப் பார்த்து வாங்கட்டும்.