வேலியோரக் கொடியும் நடுங்கும் கையும்

பூனைக்காலி விதைக்கும் நடுக்குவாதத்துக்கும் உள்ள உறவு பழையது. ஆனால் நடுங்குகிற கையெல்லாம் ஒரே நோயல்ல என்கிறது மூளைப் படம்.

சித்தூரிலிருந்து வேலூர் போகும் வழியில் உள்ள குடிபாலா போன்ற ஊர்களில் பூனைக்காலியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதரில் படரும் கொடி. காயின் மேல் பட்டுப் போன்ற சுணை. கை பட்டால் அரிப்பு தாங்காது. தெலுங்குக்காரர்கள் தூலகொண்டி என்பார்கள்.

இந்தக் கொடியின் விதையிலிருந்து 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் ராமஸ்வாமியும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் லெவோடோபா. அது எதற்குப் பயன்படும் என்று அன்று யாருக்கும் தெரியாது. நடுக்குவாதக்காரர்களின் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வற்றிப்போகிறது என்று வியன்னாவில் ஹார்னிகீவிச் கண்டறிந்தது 1960இல். வாய்வழியாக அதிக அளவில் லெவோடோபா கொடுத்துக் கோட்சியாஸ் அமெரிக்காவில் பலன் கண்டது 1967இல். மூளைக்குள் போய் டோபமினாக மாறும் இந்த மருந்துதான் இன்றும் நடுக்குவாதச் சிகிச்சையின் அச்சாணி.

பழைய ஏட்டையும் புதிய மருந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர், அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் பாலா மன்யம். ஆயுர்வேதம் 'கம்பவாதம்' என்று சொல்வதும் நடுக்குவாதமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 1990இல் எழுதினார். 1995இல் அவரும் சகாக்களும் பூனைக்காலி விதையிலிருந்து தயாரித்த பொடியை 60 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்த சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயின் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பொடி சாப்பிடாத இன்னொரு குழு அதில் இல்லை.

மன்யத்தின் மற்றொரு ஆராய்ச்சி ஸ்கேன் அறையைச் சேர்ந்தது. சிலருக்கு மூளையின் ஆழத்தில், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதியில், இரண்டு பக்கமும் சுண்ணாம்புச் சத்து படிகிறது. சி.டி. ஸ்கேனில் அது வெள்ளை வெளேரென்று தெரியும். இத்தகைய 99 பேரைப் பற்றி அவர் குழு 2001இல் எழுதியது. 67 பேருக்குத் தொல்லைகள் இருந்தன. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அசைவுக் கோளாறு. அதிலும் நடுக்குவாதம் போன்ற நிலையே அதிகம். மீதி 32 பேருக்கு ஒரு தொல்லையும் இல்லை!

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. பார்வைக்கு நடுக்குவாதமாகத் தெரிவதன் காரணம் வேறாக இருக்கலாம். படத்தில் கோளாறு தெரிந்தாலும் ஆளுக்கு நோய் இருந்தே தீரும் என்பதில்லை. படத்தையும் ஆளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை.

இன்னொரு வேடிக்கை. 1983இல் கனடாவில் கார்னெட் குழுவினர் லெவோடோபாவில் கதிரியக்கமுள்ள ஃபுளூரினை இணைத்துச் செலுத்தி, உயிரோடிருக்கும் மனிதனின் மூளையில் டோபமின் சேரும் இடத்தைப் பெட் ஸ்கேனில் படமாக்கினார்கள். மருந்தாகும் பொருளே மூளைக்குள் காட்டும் விளக்காகவும் ஆயிற்று.

கிராமத்து வீடுகளில் கை நடுங்கினால், நடை தளர்ந்தால், கையெழுத்து சிறுத்துப்போனால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் யாரோ சொன்ன பொடியை வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் பொடியையும் சேர்த்துக்கொண்டால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, தன்னை மீறிய உடல் அசைவுகள் வரலாம். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் மோசம். உடல் மரத்துப்போனதுபோல் விறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

குடிபாலாக்காரர்களுக்கு வழி தூரமில்லை. ஜேக்கப் சாண்டி 1949இல் நரம்பியல் துறையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. ஒரு பக்கம், திருப்பதியில் ஸ்விம்ஸ் மறு பக்கம். விதையின் குணம் பொய்யல்ல. ஆனால் அது யாருக்கு, எவ்வளவு என்பதை வேலியோரத்தில் தீர்மானிக்க முடியாது.