எழுதலும் எழுப்புதலும்

பன்னிரு திங்களுள் மார்கழி தனித்தன்மை உடையது. திருமணம், புதுமனை புகுதல் முதலிய மங்கல நிகழ்ச்சிகளை மக்கள் இத்திங்களில் நடத்துவதில்லை. அதனால் இதனைப் 'பீடை மாதம்' என்று கூறுவோரும் உளர். பெருமை பொருந்தியது என்னும் பொருளுடைய 'பீடுடை மாதம்' என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். வீட்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்து, ஒரு திங்கள் முழுவதையும் நோன்பிற்கும் வழிபாட்டிற்கும் உரியதாக்கினர் நம் முன்னோர். அந்நோன்பு யாருக்காக நோற்கப்பட்டது என்பதே இங்கு எண்ணத்தக்கது.

வைகறைத் திங்கள்

கதிரவன் தனுர் இராசியில் இயங்கும் காலம் மார்கழி. முழுநிலவு மிருகசீரிட நாண்மீனை ஒட்டி வரும் திங்கள் ஆதலின், வடமொழியில் இது மார்கசீர்ஷம் எனப்பட்டது. மாதங்களுள் தான் மார்கழியாக இருப்பதாகக் கண்ணன் பகவத்கீதையில் கூறுகிறான். மாந்தரின் ஓராண்டு தேவர்க்கு ஒருநாள் என்பது புராண மரபு. தை முதலான ஆறு திங்கள் அவர்களுக்குப் பகல். ஆடி முதலான ஆறு திங்கள் இரவு. அவ்விரவின் இறுதியில் வரும் மார்கழி அவர்களுடைய வைகறை ஆகிறது. எனவேதான் இத்திங்களில் கோயில்கள் விடியலுக்கு முன்பே திறக்கப்படுகின்றன; இறைவனைத் துயிலெழுப்பும் பள்ளியெழுச்சிப் பாடல்கள் ஓதப்படுகின்றன.

நீரும் நிலமும்

மார்கழி நீராடலின் வேர் சங்க இலக்கியத்தில் உள்ளது. நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகியவை தைத்திங்களின் குளிர்ந்த நீரைப் பற்றியும் அதில் மகளிர் ஆடுவதைப் பற்றியும் பேசுகின்றன. பரிபாடலின் பதினோராம் பாடலோ மார்கழித் திருவாதிரை நாளில் மகளிர் வையையில் ஆடிய நீராட்டைக் காட்டுகிறது. அதற்கு 'அம்பா ஆடல்' என்று பெயர். முதிய பெண்டிர் முறைமை கற்பிக்க, இளமகளிர் பனிபடர்ந்த வைகறையில் நீராடினர். அகன்ற இவ்வுலகம் வெப்பத்தால் வாடாதிருக்க வேண்டும் என்பது அவர்களின் வேண்டுதல்.

தைந்நீராடல் எவ்வாறு மார்கழி நீராடல் ஆயிற்று என்ற வினா எழலாம். முழுநிலவிற்கு மறுநாளை மாதத்தின் தொடக்கமாகக் கொள்ளும் வழக்கம் பண்டு இருந்தது. அக்கணக்கின்படி, மார்கழி முழுநிலவன்று தொடங்கிய நீராடல் மறுநாள் முதல் தைத்திங்களில் தொடர்ந்தது. கதிரவனின் இயக்கத்தால் திங்களைக் கணக்கிடும் முறை நிலைபெற்றபின் அது மார்கழிக்கு உரியதாயிற்று. ஆய்வாளர் பலர் தரும் விளக்கம் இது.

துறந்தவை எவை?

உணவை விலக்குதலே நோன்பு என்று பலரும் எண்ணுவர். 'நோன்பு' என்னும் சொல்லுக்குப் பொறுத்தல் என்பதே அடிப்படைப் பொருள். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்பார் திருவள்ளுவர். தன்னை அடக்குவது பாதி. பிறரைக் காப்பது மறுபாதி.

ஆண்டாள் அருளிய திருப்பாவையின் இரண்டாம் பாடலில் இவ்விரு பாதிகளும் உள்ளன. நெய் உண்பதில்லை, பால் உண்பதில்லை, கண்ணுக்கு மை இடுவதில்லை, கூந்தலில் மலர் சூடுவதில்லை எனத் தம்மளவிலான விரதங்களை ஆயர்குல மகளிர் முதலில் சொல்கின்றனர். தகாதன செய்யோம், தீய சொற்களைப் பிறரிடம் சென்று கூறோம், இல்லார்க்கும் துறந்தார்க்கும் இயன்றவரை கொடுப்போம் என்று அடுத்து உறுதி கொள்கின்றனர். ஆயர்பாடியில் பாலும் நெய்யும் பெருகிக் கிடந்தவை. இல்லாத ஒன்றை விடுவதாகச் சொல்வதில் நோன்பு இல்லை. தம்மிடம் மிகுதியாக உள்ளதை விடுவதே நோன்பு.

விடுத்தது பால், வேண்டியது மழை. மூன்றாம் பாடலில், நாடெங்கும் திங்கள்தோறும் மும்மாரி பொழிய வேண்டும், நெற்பயிர் ஓங்கி வளர வேண்டும், வயலில் கயல்கள் துள்ள வேண்டும், பசுக்கள் குடம் நிறையப் பால் சுரக்க வேண்டும் என விரும்புகின்றனர். மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலும் மழையை வேண்டும் பாடல் ஒன்று உண்டு. பரிபாடல் மகளிரின் வேண்டுதல் பாவைப் பாடல்களிலும் தொடர்வதை இவற்றால் அறியலாம்.

தோழியரை எழுப்புதல்

திருப்பாவை முப்பது பாடல்களைக் கொண்டது. அவற்றுள் ஆறாம் பாடல் முதல் பதினைந்தாம் பாடல் வரை, பத்துப் பாடல்கள், உறங்கும் தோழியரை எழுப்புவன. நூலில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே உரியதாயிற்று. இருபது பாடல்களைக் கொண்ட திருவெம்பாவையிலும் முதல் எட்டுப் பாடல்கள் அவ்வகையினவே.

விடிந்தது என்பதற்கு மகளிர் பல சான்றுகளைத் தோழியரிடம் கூறுகின்றனர். பறவைகள் ஒலிக்கின்றன, கோயிலில் சங்கு முழங்குகிறது, தயிர் கடையும் ஓசை கேட்கிறது, எருமைகள் பனிப்புல் மேயப் பரவுகின்றன, வெள்ளி எழுந்து வியாழன் மறைகிறது. இவ்வான்குறிப்பைக் கொண்டே மு. இராகவையங்கார் திருப்பாவையின் காலத்தை கி.பி. 731 எனக் கணித்தார்.

எழுப்பப்படும் மகளிர் ஒரு தன்மையர் அல்லர். ஒருத்தி மாமன் மகள். ஒருத்தி செல்வர் வீட்டுப் பெண். மற்றொருத்தியோ உங்களை எல்லாம் நானே வந்து எழுப்புவேன் என்று முன்னாள் சொல்லிவிட்டு இன்று உறங்குபவள். அவளையும் அவர்கள் விட்டுச் செல்லவில்லை. வாயிலில் நின்று கடிந்தும் நகையாடியும் அழைத்துக்கொண்டே செல்கின்றனர். தான் மட்டும் எழுந்து நீராடினால் நோன்பு நிறைவு பெறாது. உடன் வாழ்வோரையும் எழுப்பி அழைத்துச் செல்லவேண்டும் என்பதே இப்பாடல்கள் உணர்த்தும் நெறி.

இருபத்தேழாம் பாடலில் நோன்பு நிறைவெய்துகிறது. விலக்கிய பாலும் நெய்யும் அங்கே பாற்சோறாகத் திரும்புகின்றன. அச்சோற்றை மகளிர் ஒருங்கு கூடி உண்டு உள்ளம் குளிர்கின்றனர். மார்கழி 27ஆம் நாள் 'கூடாரவல்லி' எனக் கொண்டாடப்படுவதும், அக்கார அடிசில் படைக்கப்படுவதும் இதன் வழியாகவே.

இன்றும் தொடரும் மரபு

திருமலையில் மார்கழி முழுவதும் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஒலிக்கிறது. திருவரங்கத்தில் பகல் பத்து, இராப் பத்து விழாக்களும், அவற்றிடையே வைகுண்ட ஏகாதசியும் நிகழ்கின்றன. ஏகாதசியன்று உண்ணாதிருந்து, துவாதசியில் உணவுகொள்வது அடியார் வழக்கம். தில்லையில் திருவாதிரைத் திருநாளில் கூத்தப்பெருமானின் ஆருத்திரா தரிசனம் நிகழ்கிறது. அன்று இல்லங்களில் களி செய்து படைக்கின்றனர். கடல் கடந்து, தாய்லாந்தின் அரசவை அந்தணர் நடத்தும் சடங்கிலும் திருவெம்பாவை ஓதப்பட்டு வந்துள்ளது.

சிற்றூர்களில் பெண்கள் வைகறையில் வாயில் தெளித்துக் கோலமிட்டு, சாணத்தில் பூசணிப் பூவைச் செருகி வைப்பர். தென் மாவட்டங்களில் அச்சாணத்தைத் தட்டி உலர்த்திச் சேர்த்துவைத்து, தைத்திங்களில் சிறுவீட்டுப் பொங்கல் முடிந்தபின் சிறுமியர் நீர்நிலையில் விடுவர். நீரில் தொடங்கிய நோன்பு நீரிலேயே முடிகிறது.

இம்மரபில் நீர்நிலை வெறும் பின்னணி அன்று. நோன்பின் களமே அதுதான். ஆறும் குளமும் இன்றி மார்கழி நீராடல் இல்லை. இன்று பல ஊர்களில் குளங்கள் தூர்ந்தும் ஆறுகள் மாசடைந்தும் கிடக்கின்றன. மழையை வேண்டும் பாடல்கள் கோயில்தோறும் ஒலிக்கும்போது, பெய்யும் மழையைத் தேக்க இடமில்லாத நிலையும் உடன் நிலவுகிறது. உலகம் வாடாதிருக்க வேண்டிய வையைக்கரை மகளிரின் நோன்பு அந்நிலைக்கும் வழி காட்டுகிறது. ஊர்க்குளத்தைத் தூர்வாரிக் காப்பதும், அதற்கென அண்டை வீட்டாரை எழுப்பி அழைத்துச் செல்வதும் மார்கழி நோன்பின் பொருளுக்குள் அடங்குவனவே.