சதையிக் கலங்களும் கொலஸ்திரோலும்

எலுவன்குளத்தருகே கலாஓயா களப்பைச் சேர்கின்றது. ஆற்றுநீர் அளவோடு வந்து, கடல்வாய் வழியே வெளிச்செல்லும் வரையில் களப்பு நலமாயிருக்கும். வரவு மிகினும் வாய் தூரினும் அதன் நிலை கெடும். நம் உடலில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களின் நிலையும் இத்தகையதே.

வயிற்றின் பின்னே அமைந்த சதையியில், தீவுகள்போற் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்களை 1869ஆம் ஆண்டில் செர்மனிய மாணவர் பவுல் இலங்கர்கான்சு விவரித்தார். அவற்றிலுள்ள பீற்றாக் கலங்களே இன்சுலினைத் தருவன. குருதியிற் சர்க்கரை ஏறியதும், அக்கலங்கள் அதனை உட்கொண்டு எரித்து, அதனால் தூண்டப்பெற்று, சேமித்து வைத்த இன்சுலினை வெளிவிடும்.

கொலஸ்திரோலை வெறும் நஞ்சென்று எண்ணுதல் தவறு. கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வுக்கு அது இன்றியமையாதது. குருதியில் வருவதைக் கலத்துள் வாங்க ஓர் ஏற்பியும், மிகுதியை வெளியேற்ற ஏபிசிஏ1 என்னும் புரதமும் உள. 2007ஆம் ஆண்டில், கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், எலிகளின் பீற்றாக் கலங்களில் மட்டும் அப்புரதத்தை நீக்கிப் பார்த்தனர். கலத்துள்ளே கொலஸ்திரோல் தேங்கிற்று. இன்சுலின் சுரப்புக் குன்றிற்று. குருதிச் சர்க்கரை கட்டுக்கடங்காதாயிற்று. அவ்வாண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மிகுந்த கொலஸ்திரோல் சர்க்கரையை எரிக்கத் தொடங்கும் நொதியத்தின் தொழிலைத் தடுக்கின்றதெனக் காட்டிற்று.

இதற்கு மறுபுறச் சான்றும் உண்டு. ஏற்பியிற் பரம்பரைக் குறையுடையோருக்குக் குருதியிற் கொலஸ்திரோல் மிகும். கலத்துள் நுழைவதோ குறையும். 2015இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றில், பரம்பரையாகக் கொலஸ்திரோல் மிகுந்தோருள் நூற்றுக்கு 1.75 பேருக்கும், அக்குறையற்ற உறவினருள் 2.93 பேருக்கும் நீரிழிவு காணப்பட்டது. பீற்றாக் கலத்துக்குக் கேடு, குருதியில் ஓடுவதினும் உள்ளே தேங்குவதால் விளைவதென இது உணர்த்துகின்றது. இதனால் அக்குறை நன்மையென்று கொள்ளலாகாது. அஃது இளமையிலேயே மாரடைப்பைத் தருவது.

கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மாத்திரைகள் சிலருக்குச் சர்க்கரையைச் சிறிது கூட்டுவதுண்டு. எனினும் இதயத்துக்கு அவை தரும் காவல் பெரிது. வைத்தியரைக் கேளாது அவற்றை நிறுத்துதல் ஆபத்தாகும்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வொன்று, வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நம் பகுதித் தேங்காயிற் கொலஸ்திரோல் இல்லை. ஆயினும் அதன் நிரம்பிய கொழுப்புக் குருதிக் கொலஸ்திரோலை உயர்த்தும். ஆகவே தேங்காயெண்ணெயையும் பாலையும் அளவோடு கொள்வோமாக, நாள்தோறும் நடப்போமாக. பழைய மாணவர் யாவரும் சர்க்கரை, கொலஸ்திரோல் ஆகிய இரண்டையும் ஒருங்கே சோதித்துக்கொள்வாராக. களப்பின் வாய் தூர்ந்தபின் வருந்துவதினும், தூராமற் காப்பதே அறிவுடைமை.