படத்தைப் பரப்பியது யார்?

குதிரைச் சவாரி செய்வது போல ஒரு மனிதர் ஆடுகிறார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. உடம்பில் பளபளக்கும் கோட்டு. எல்லாம் இருக்கிறது, குதிரையை மட்டும் காணோம்!

தென் கொரியப் பாடகர் சை ஆடிய ஆட்டம் இது. பாட்டின் பெயர் "கங்னம் ஸ்டைல்". 2012-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி அது யூடியூப்பில் வெளிவந்தது. கொரிய மொழியில் ஓர் எழுத்துக் கூடத் தெரியாதவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அதே போல ஆடினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, 100 கோடி தடவை பார்க்கப்பட்ட முதல் யூடியூப் படம் என்ற பெருமை அதற்குக் கிடைத்தது.

அன்றுதான் உலகம் அழியப் போகிறது என்று ஒரு புரளி!

ஒன்பது வட்டம்

பண்டைக் கால மாயர்களின் நாட்காட்டி அன்றோடு முடிகிறது, ஆகவே உலகமும் முடிகிறது என்று பலர் பயந்து கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சமயத்தில் இன்னொரு கதை கிளம்பியது. பிரான்ஸ் நாட்டில் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த நாஸ்டர்டாமஸ் என்ற சோதிடர் இதை அப்போதே சொல்லிவிட்டாராம்! ஆடும் குதிரையின் எண்ணிக்கை ஒன்பது வட்டத்தைத் தொடும்போது முடிவு வரும் என்று எழுதி வைத்தாராம். ஒன்று போட்டு ஒன்பது பூச்சியம் போட்டால் 100 கோடி. பொருத்தமாக இருக்கிறது அல்லவா?

பொருந்தாமல் எங்கே போகும்? அந்தச் "சோதிடம்" 2012-ல் யாரோ இட்டுக் கட்டியது. நாஸ்டர்டாமஸ் அப்படி எதுவும் எழுதவில்லை. மறுநாள் பொழுது விடிந்தது. பால்காரர் வந்தார்.

யூடியூப் கணக்கைப் பற்றியும் ஒரு சந்தேகம் வெகுநாள் இருந்தது. புதிய படம் ஒன்றை ஜனங்கள் போட்டி போட்டுக் கொண்டு பார்ப்பார்கள். ஆனால் எண்ணிக்கை 301-ல் வந்து அசையாமல் நிற்கும். "கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அமுக்குகிறான்" என்றார்கள். உண்மை என்ன தெரியுமா? 300 வரை அப்படியே எண்ணுவார்கள். அதற்கு மேல், பார்த்தது மனிதனா, கள்ளக் கணக்குக் காட்டும் இயந்திரமா என்று சோதித்த பிறகே எண்ணுவார்கள். "300 அல்லது அதற்குக் கீழ்" என்று கணக்கு எழுதி வைத்ததால் ஒன்று கூடி 301 ஆயிற்று! 2015-ல் அந்த முறையை எடுத்துவிட்டார்கள்.

பெரிய காரியம் நடந்தால், அதற்குப் பின்னால் பெரிய சூழ்ச்சி இருக்க வேண்டும் என்று எண்ணுவது மனித சுபாவம். குதிரை ஆட்டத்தில் அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் வேறொரு படம் இருந்தது.

மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள்

தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு சிறுவனை வாரி எடுக்கிறார்கள். வண்டி பறக்கிறது! மற்ற பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள். படம் முடிகிறது.

2017, 2018-ம் ஆண்டுகளில் இந்தியாவில் எத்தனையோ செல்போன்களில் இந்தப் படம் வந்தது. "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், ஜாக்கிரதை" என்று அந்தந்த வட்டார மொழியில் எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு பதறாது?

உண்மையில் அது பாகிஸ்தானில் உள்ள கராச்சி நகரில் எடுக்கப்பட்ட விளம்பரப் படம். காணாமல் போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஒரு தொண்டு நிறுவனம், பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக 2016-ல் எடுத்தது. படத்தின் கடைசியில் அதே இருவர் திரும்பி வருகிறார்கள். சிறுவனை இறக்கி விடுகிறார்கள். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்ல ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

சாக்லெட் கொடுத்த பாட்டி

2018-ம் ஆண்டு மே மாதம். தமிழ்நாட்டிலும் இதே பீதி. வடக்கே இருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று செல்போனுக்குச் செல்போன் செய்தி பறந்தது. அந்த நேரத்தில் சென்னையில் இருந்து ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிடக் காரில் புறப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, அத்திமூரில், வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார்கள்.

அதுதான் அவர்கள் செய்த குற்றம். கும்பல் கூடிவிட்டது. அடித்தார்கள். 60 வயதைக் கடந்த ஒரு மூதாட்டி உயிர் இழந்தார். உடன் வந்த உறவினர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

ஜூலை 1-ந் தேதி மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்தில் நாடோடி மக்கள் 5 பேரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள். வேறு மாநிலங்களிலும் இப்படி உயிர்கள் போயின.

இவ்வளவு விபரீதத்துக்கும் பின்னால் ஒரு சதிக் கூட்டம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். படத்தை வெட்டியவன் ஒருவன் உண்டு. ஆனால் அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது யார்? அண்ணன் தம்பிக்கு அனுப்பினான். அத்தை மருமகளுக்கு அனுப்பினாள். "நம் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்" என்ற நல்லெண்ணத்தில் அனுப்பினார்கள். சொந்தக்காரர் அனுப்பியதைச் சந்தேகிப்பது எப்படி? "இதைப் போல 21 கார்டு எழுதிப் போடாவிட்டால் கெடுதி வரும்" என்று தபாலில் வந்த அட்டைக்குப் பயந்து, ராத்திரி விளக்கு வைத்துக் கொண்டு எழுதிய குடும்பங்கள் நம் ஊரில் இல்லையா?

ஆராய்ச்சியில் கண்டது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். அப்போது ட்விட்டர் என்று பெயர் பெற்றிருந்த தளத்தில் 2006 முதல் 2017 வரை சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. மெய்ச் செய்தியை விடப் பொய்ச் செய்தியை மற்றவருக்கு அனுப்பும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம்! இயந்திரக் கணக்குகள் செய்த வேலையோ என்று அவற்றை நீக்கிவிட்டும் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. இயந்திரங்கள் மெய்யையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பரப்பின. பொய்யைத் தேடித் தேடி அனுப்பியவர்கள் மனிதர்களே. அந்தப் பொய்ச் செய்திகள் புதுமையாக இருந்தன. வியப்பையும் அருவருப்பையும் பயத்தையும் கிளப்பின.

இந்தியாவில் நடந்த கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் கம்பெனி விழித்துக் கொண்டது. வந்த செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கு அல்லது 5 குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2018 ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதும் அதே விதி. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். யாரையும் தடுக்கவில்லை. வேண்டியவர்கள் ஒவ்வொருவருக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பிக் கொள்ளலாம். இருந்தும், அப்படிக் கை மாறும் செய்திகள் 70 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சில வாரங்களில் கம்பெனி அறிவித்தது.