காயலான் கடை பெல்ட்டைக் கட்டி தென்னை ஏறலாமா?

"எங்களுக்கு ஒரகடம் பக்கத்தில் பதினைந்து தென்னை இருக்கிறது. காய் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கம்பெனி வேலைக்குப் போகும் என் மகன், லீவு நாளில் தானே ஏறுகிறேன் என்கிறான். ஏறும் கருவி ஒன்று பழையது இருக்கிறது. கம்பெனிகளில் கழித்த சேஃப்டி பெல்ட் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வாங்க வேண்டாம் அம்மா. ஒரு ஆலை கழித்துப் போட்ட பெல்ட் உங்கள் மகனின் உயிரைத் தாங்கும் என்று நம்ப முடியாது. அது வெல்டிங் பொறி பட்டதாக இருக்கலாம், ஆசிட் தெறித்ததாக இருக்கலாம். ஏற்கெனவே ஒருவர் விழுந்தபோது தாங்கியதாகவும் இருக்கலாம். விழுந்தவரை ஒருமுறை தாங்கிய பெல்ட், பார்க்கப் புதிதாக இருந்தாலும் மறுபடி உதவாது. உள்ளே இழை நைந்திருக்கும், தையல் இளகியிருக்கும்.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ். 3521 முத்திரையும் தயாரித்த தேதியும் உள்ள முழு உடல் பெல்ட்டாகப் பாருங்கள். சீட்டு கிழிந்து தேதி தெரியாத பெல்ட் எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

பெல்ட்டை எப்போது கழிப்பது?

ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் வைத்து, பட்டையை விரலால் வளைத்துக்கொண்டே முழு நீளமும் பாருங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கழித்துவிடுங்கள்.

• ஓரத்தில் அரிவாள் பட்ட வெட்டு
• தையல் நூல் அறுந்த இடம்
• தீப்பொறி பட்ட ஓட்டை, உருகிக் கெட்டியான இடம்
• வெயிலில் சாயம் போய், விறைத்து, பொடி உதிரும் பட்டை
• வளைந்த, துருப்பிடித்த, தானாக மூடாத கொக்கி

நைலான் பட்டைக்கு ஆசிட் ஆகாது. டிராக்டர் பேட்டரி, பூச்சி மருந்து, உரமூட்டை பக்கத்தில் வைக்காமல், நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள்.

ஏறும் கருவி

நம் ஊர்களில் அதிகம் இருப்பது கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தில் உருவான செம்பேரி மாடல். இரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஒயர் ரோப். உயிர் அந்த ரோப்பில்தான் இருக்கிறது. பழைய வேட்டித் துணியால் ரோப்பை நீளவாக்கில் துடையுங்கள். துணி எங்காவது மாட்டினால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது. வெறும் கையால் தடவினால் கையைக் கிழித்துவிடும். கம்பி ஒன்று அறுந்திருந்தாலும், ரோப் நசுங்கியோ முறுக்கிக்கொண்டோ இருந்தாலும் மாற்றுங்கள். கிளட்ச் ஒயர், பிரேக் ஒயர் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். சட்டத்தில் வெல்டிங் வாய் விட்டிருந்தால், ரோட்டோரக் கடையில் பற்றவைத்து மறுபடி ஏறாதீர்கள். ரப்பர் தேய்ந்து வழுவழுப்பானாலும் மாற்ற வேண்டியதுதான். பனை ஏறும் தளைநாருக்கும் இதே கணக்கு: ஒரு புரி விட்டாலும் புதிது வேண்டும்.

"மூட்டை தொங்கவிட்டுப் பார்த்தோம், தாங்கியது" என்று சிலர் சொல்வார்கள். அசையாமல் தொங்கும் எடை வேறு. ஆள் விழுந்து சட்டென்று நிற்கும்போது பெல்ட்டில் விழும் இழுப்பு அவர் எடையைப் போலப் பல மடங்கு. நல்ல கருவியை இரண்டடி உயரத்தில் மிதித்துப் பார்ப்பது சரி. பழுதான கருவிக்கு அந்தச் சோதனை சான்றாகாது.

கழித்ததை வெட்டிப் போடுங்கள்

நம் வீடுகளில் எதையும் எறிய மனம் வராது. பரணில் கிடக்கும் பழைய பெல்ட்டை, அவசரத்துக்கு என்று அடுத்த வருஷம் யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். அதனால் கழிக்கும் அன்றே பட்டையை நாலைந்து இடத்தில் வெட்டிவிடுங்கள். ஒயர் ரோப்பையும் துண்டாக்குங்கள். காயலான் கடைக்குப் போனாலும் அது இன்னொருவர் இடுப்புக்குப் போகாது.

மகன் ஏறத்தான் போகிறார் என்றால் முதலில் பயிற்சி எடுக்கட்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மர நண்பர்கள்' என்ற பெயரில் கருவி கொண்டு ஏறப் பயிற்சி தந்து வருகிறது. மரம் ஏறுவோருக்கு 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடும் வாரியத்திடம் உண்டு. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கூலிக்கு ஏற வருபவரின் கருவியையும் ஒருமுறை பாருங்கள். "அண்ணே, ரோப் விட்டிருக்கு, இன்னிக்கு ஏற வேணாம்" என்று சொல்ல வேண்டியது தோப்புக்காரர்தான். காய் இன்னும் நாலு நாள் மரத்தில் இருந்தால் நஷ்டமில்லை.