ரத்தப் பரிசோதனை சொல்லாத நலிவு

சிரோசிஸ் என்னும் கல்லீரல் நோய் உள்ளவரின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைத் தாளே தீர்மானிக்கிறது. பிலிருபின், கிரியேட்டினின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடும் 'மெல்ட்' மதிப்பெண் பயனுள்ளதுதான். ஆனால் அவரால் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பதை அது சொல்லாது. கைப்பிடி வலு, ஐந்து முறை உட்கார்ந்து எழ ஆகும் நேரம், தடுமாறாமல் நிற்கும் திறன் ஆகிய மூன்றையும் அளக்கும் கல்லீரல் நலிவுக் குறியீட்டை சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 2017இல் வெளியிட்டார்கள். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவர்களில், மெல்ட் மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும், நலிந்தவர்களுக்கே இறப்பு அபாயம் கூடுதல். தசை கரைவது நோயின் ஓரத்தில் நடக்கும் சங்கதி அல்ல. நோயுற்ற கல்லீரலால் போதிய கிளைகோஜனைச் சேமிக்க முடியாததால், ஓர் இரவுப் பட்டினிக்கே உடல் தசையை எரிக்கத் தொடங்குகிறது. ரத்தத்திலுள்ள அமோனியாவை அகற்ற உதவுவதும் அதே தசைதான்.

தசையைக் காக்கப் புரதம் கொடுத்தால், அது அமோனியாவைக் கூட்டி மூளையைக் குழப்பாதா என்று கேட்கலாம். அந்த அச்சத்தில்தான் பல வீடுகளில் நோயாளிக்குக் கஞ்சியும் ரசமுமே கிடைக்கின்றன. மூளைக் குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குக்கூடப் புரதத்தைக் குறைத்ததால் பலனில்லை என்று 2004இல் வெளியான பார்சிலோனா ஆய்வு காட்டியது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்பதே இன்றைய பரிந்துரை. பருப்பு, தயிர், முட்டை எல்லாம் இதில் அடக்கம். படுக்கப்போகுமுன் ஒரு சிற்றுண்டியும் வேண்டும். தசைக்கு உடற்பயிற்சியும் தேவை. ஆனால் அதனால் உணவுக்குழாய் ரத்தநாளம் வெடிக்கும் என்ற கவலையை ஒதுக்கிவிட முடியாது. அதற்குரிய சிகிச்சையை முதலில் செய்துவிட்டு, மருத்துவர் மேற்பார்வையில் நடைப்பயிற்சியைத் தொடங்கலாம்.