உண்ணி ஏன் சாகவில்லை?

"மிஸ், மருந்தை மாத்தி மாத்தி அடிக்கிறன். உண்ணி சாகுதில்லை. பாலும் குறைஞ்சு போச்சு."

வீட்டுத் தரிசிப்பொன்றில் ஒரு தாய் என்னிடம் இப்படிச் சொன்னார். மூன்று பசுக்களின் பால் வருமானத்திலேயே பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். மருந்து சீக்கிரம் முடிந்துவிடுமே என்று தண்ணீரைக் கூடுதலாகக் கலந்திருந்தார். கால்நடை வைத்தியரிடம் போத்தல்களைக் காட்டினோம். பெயர்தான் இரண்டு, மருந்து ஒரே வகை.

அந்தத் தாயைக் குறைகூற முடியாது. வறுமையில் சிக்கனம் பழக்கமாகிவிடுகிறது. ஆனால் அளவு குறைந்த மருந்தில் பலவீனமான உண்ணிகள் மட்டுமே மடிகின்றன. தாங்கும் சக்தியுள்ளவை தப்பிவிடுகின்றன. மாட்டு உண்ணி ஒன்று 2000க்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. குஞ்சுகளுக்கும் தாயின் சக்தி வந்துசேர்கிறது. அவுஸ்திரேலியாவில் 1930களில் ஆசனிக்குக்கும், 1950களில் டி.டி.ரி.க்கும் உண்ணிகள் இவ்வாறே எதிர்ப்புச் சக்தி பெற்றன.

சகோதரிகளே, போத்தலின் பெயரை மாற்றினால் போதாது. மருந்தின் வகை மாறவேண்டும். எந்த வகை என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். சொன்ன அளவைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். காது, வாலடி, மடியோரம் ஆகிய இடங்களைத் தவறவிடாதீர்கள். கையுறை அணியுங்கள். மருந்தடித்தபின் எத்தனை நாட்களுக்குப் பாலைப் பயன்படுத்தக்கூடாது என்பதையும் கேட்டறியுங்கள். நமது பிள்ளைகள் குடிப்பதும் அந்தப் பாலைத்தானே!

இப்போது மூத்த மகள் போத்தலில் உள்ளதை வாசித்துச் சொல்ல, அந்தத் தாய் அளந்து கலக்கிறார். படிப்பித்த பிள்ளை வீட்டுக்கு உதவத் தொடங்கிவிட்டாள்.